முழங்கை நோவும் மிதிவண்டியும்

மிதிவண்டி ஓட்டுவது கால்களின் காரியம் என்றே நாம் எண்ணிப் பழகியிருப்பதனால், முழங்கையின் தசைநாண் நொந்து சிகிச்சை பெற்றுவருகிறவர்கள்கூட, நோவு சற்றே தணிந்த மறுநாள் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். ஓட்டுவது காலே ஆனாலும், நிறுத்துவது கை. அபாயமும் அங்கேதான் இருக்கிறது.

டென்னிஸ் எல்போ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய், டென்னிஸ் மட்டையைத் தொட்டே அறியாத கொத்தனாருக்கும், தச்சருக்கும், நாள்தோறும் துணி பிழியும் பெண்களுக்கும் வருகிறது. இதில் பழுதுறுவது, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையைப் பற்றி நின்று மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநாண். எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்கிவிடாமல் காப்பது அந்தத் தசையே ஆதலால், ஹேண்டில்பாரைப் பற்றுவதும், பிரேக்கை அழுத்துவதும், குண்டும் குழியுமான சாலையின் அதிர்ச்சியைத் தாங்குவதும் புண்பட்ட அந்த இடத்தையே சென்று தாக்குகின்றன.

ஆகவே, வண்டியை நிறுத்திவைத்து, நோவுள்ள கையால் பிரேக்கை முழு பலத்தோடு சில முறை அழுத்திப் பார்த்து, கை தயங்காதிருந்தால் மட்டுமே சாலைக்குப் போவது தகும். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் கணத்தில் தயங்குகிற கை, ஓட்டுகிறவருக்கு மட்டுமா தீங்கு செய்யும்? உடலின் பாரம் கைகளில் விழாதபடி ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தி, முழங்கையை லேசாக மடக்கி, மணிக்கட்டை நேராக வைத்துக்கொள்வது அவசியம். அரிசிப் பையையும் பால் கேனையும் ஹேண்டில்பாரில் மாட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். பின்புறக் கேரியர் இருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தருமாயினும், ஓராண்டு கழித்துப் பார்க்கையில் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே மேலான நிலையில் இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிதானமாகப் பாரம் கூட்டிச் செய்யும் பயிற்சியே உறுதியான மார்க்கம். ஆனால், 'டப்' என்ற ஓசையுடன் முழங்கையின் முன்புறம் கன்றிப்போனாலும், விழுந்தபின் கையை நீட்ட இயலாவிட்டாலும், உருவிவிடுபவரிடம் போகாமல் அன்றே எலும்பு மருத்துவரைக் காண வேண்டும். நாண் அறுந்திருந்தால் தாமதம் அறுவைச் சிகிச்சையைக் கடினமாக்கிவிடும்.

ஓய்வெடுக்கச் சொல்வது எளிது; கூலியை இழக்க அஞ்சுகிறவருக்கு அது எளிதன்று. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்து, உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருக்கும் தொழிலாளி, அதன் மருத்துவர் சான்றளித்தால், ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். இது தர்மமன்று, உரிமை. வேலையினாலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ விபத்து நேர்ந்து கை பழுதுற்றதெனில், தற்காலிக இயலாமைக்கு 90 சதவீதம் உண்டு. ஆனால் விபத்தை உடனே முதலாளியிடம் தெரிவித்து, விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யாதவர்கள் பின்னால் அதை மெய்ப்பிக்க இயலாமல் திண்டாடுகிறார்கள். வலி பொறுக்கக்கூடியதாகவே தோன்றினாலும், அன்றைக்கே எழுதச் செய்துவிடுங்கள்.