வெளிநாட்டுக்குப் போன இங்கிலீஷ் வாத்தியார்

1960களிலும் 70களிலும் கோவை, ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் வாத்தியார் வெளிநாடு போகிறார் என்றால், அது பெரும்பாலும் ஆப்பிரிக்காதான். எத்தியோப்பியாவின் பேரரசர் ஹைலே செலாசி 1950களிலேயே இந்திய ஆசிரியர்களைத் தம் நாட்டுப் பள்ளிகளுக்கு வரவழைக்கத் தொடங்கிவிட்டார். போனவர்களில் மலையாளிகளே அதிகம். பாலக்காட்டுக்கு வந்த சேதி வாளையாறு தாண்டிக் கோவைக்கு வர எத்தனை நேரம் ஆகும்? 1976-ல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய்க் காசு கொட்டியது. பாடம் நடத்தத்தான் ஆள் போதவில்லை.

வேலை வந்த வழி செய்தித்தாள் விளம்பரம், இல்லாவிட்டால் முன்னே போனவர் எழுதிய கடிதம். விண்ணப்பம் போடுவதே ஒரு சடங்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து சான்றிதழ்களை எழுத்துக்கு எழுத்து நகலடிக்க வேண்டும். கார்பன் தாள் வைத்து நாலு பிரதி. ஒரு மார்க் தவறாக விழுந்தால் நாலையும் கிழித்துப்போட்டு மறுபடி. பிறகு கெஜட்டட் ஆபீசர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. பாஸ்போர்ட்டுக்கு மெட்ராஸ் போக வேண்டும். அதற்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ இருப்பவர் சம்பளமில்லா விடுப்பும் வாங்கியாக வேண்டும்.

இத்தனையும் காகிதத்தோடு முடிந்தது. பி.ஏ., பி.டி., இத்தனை வருஷ சர்வீஸ் என்று பார்த்தார்களே தவிர, உச்சரிப்பு எப்படி என்று எவரும் கேட்கவில்லை. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தாலே போதுமானதாக இருந்தது. அங்கே வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு வீட்டில் அம்ஹாரிக் மொழி, அல்லது ஹவுசா. வாத்தியாருக்கு வீட்டில் கொங்குத் தமிழ். இரண்டு பேருமே ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றவர்கள். எந்த இடத்தில் பிள்ளைக்கு இலக்கணம் இடறும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். நல்ல ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அந்தக் காலமும் நீடிக்கவில்லை. 1974-ல் ஹைலே செலாசி பதவியிறக்கப்பட்டார். 80களில் எண்ணெய் விலை சரிந்ததும் நைஜீரியப் பணத்தின் மதிப்பும் சரிந்தது. ஊருக்குப் பணம் அனுப்பவே கட்டுப்பாடு. பலர் மூட்டை கட்டினார்கள். 2000த்துக்குப் பிறகு எத்தியோப்பியா புதிய பல்கலைக்கழகங்களை வரிசையாகத் திறந்தபோது தமிழ்நாட்டு விரிவுரையாளர்கள் மறுபடி அங்கே போனார்கள். அதையும் 2020 நவம்பரில் அந்த நாட்டில் மூண்ட டிக்ரே போர் குலைத்துப்போட்டது.

இப்போது எம்.ஏ., பி.எட். முடித்த கோவைப் பெண் ஒருத்தி வேலை தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழி. அந்தக் காலத்து வாத்தியாரைவிடச் சரளமாகப் பேசுவாள். ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழை ஆன்லைனிலேயே முடித்துவிட்டாள். போலீஸ் சான்று, அப்போஸ்டில் முத்திரை எல்லாம் உண்டு. பாஸ்போர்ட் கோவையிலேயே கிடைக்கிறது. வெள்ளைச் சுவர் முன்னால் ரிங் லைட் வைத்து, யாரும் இல்லாத வகுப்புக்குச் சிரித்த முகமாகப் பாடம் நடத்தி டெமோ வீடியோவும் அனுப்புகிறாள். பதில் வருகிறது: "தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்கள் மட்டும்."

தாய்மொழி என்பது இங்கே நாக்கை வைத்து முடிவாவதில்லை, பாஸ்போர்ட்டை வைத்து. தென் கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்கானது. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களும் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அப்படி ஒன்று இருப்பதே நம் பி.எட். கல்லூரிகளில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

நடைமுறையில் வேலை கிடைப்பது மாலத்தீவிலும் வளைகுடாவிலும்தான். மாலத்தீவில் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்; சொந்த ஆசிரியர்கள் போதாமல் இந்திய ஆசிரியர்களை நம்பியிருக்கும் நாடு அது. அரைமணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய குட்டித் தீவில் வருஷக்கணக்காக இருக்க மனசு வேண்டும். வளைகுடாவில் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள். ஷார்ஜாவுக்குக் கோவையிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது, ஏறிப் போய் இறங்கினால் வகுப்பில் திருப்பூர்ப் பிள்ளை உட்கார்ந்து "மிஸ், நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்கும்.

அன்றைக்கு இல்லாத தொல்லை ஒன்று இன்று முளைத்திருக்கிறது. தாய்லாந்தில் வேலை என்று சுற்றுலா விசாவில் கிளம்பி, எல்லை தாண்டி மியான்மரின் இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 2022-ல் ஒரு குழுவை மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஆகவே ஏஜென்ட் யாரானாலும் அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியின் பெயர் போட்ட ஒப்பந்தமும் வேலை விசாவும் கையில் வராமல் விமானம் ஏறாதீர்கள்.