கேரளத்துக்கு முதல் கோப்பை வாங்கித் தந்த தமிழர்

ஆடிய கால்கள் ஓய்ந்த பிறகு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்களின் கதை

1973-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரெயில்வே அணி. அதற்கு முன்பே மூன்று முறை கோப்பையைக் கொண்டு போன அணி அது. மறுபக்கம் கேரளம். மாநிலம் பிறந்து 17 ஆண்டுகள் ஆகியும் கோப்பையை ஒரு முறைகூடத் தொட்டறியாத அணி.

ஆட்டம் முடிந்தபோது கேரளம் 3, ரெயில்வே 2. மூன்று கோல்களையும் அடித்தவர் ஒரே ஆள், அணியின் தலைவர் டி.கே.எஸ். மணி. கண்ணூர் பக்கம் தளிப்பரம்பாவில் பிறந்து, எர்ணாகுளம் பக்கம் ஃபாக்ட் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அன்று முதல் 2017 ஏப்ரலில் அவர் கண் மூடும் வரை, கேரளத்தில் அவருக்குப் பெயர் "கேப்டன் மணி" என்பதுதான்.

கோல் அடித்தவரை ஊர் அறியும். அந்த அணியைப் பழக்கி மைதானத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தியவரை எத்தனை பேர் அறிவார்கள்? அவர் பெயர் சைமன் சுந்தர்ராஜ். தமிழர். பிழைப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் மலை தாண்டி வந்து கேரளத்தில் உழைக்கும் தமிழர்கள், தங்களில் ஒருவர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளத்தக்க மனிதர்.

ரோமுக்குப் போனவர்

சைமன் சுந்தர்ராஜ் மைதானத்தின் ஓரத்தில் நின்று விசில் ஊதுவதற்கு முன், மைதானத்துக்குள் ஓடியவர். 1960-ல் ரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில் அவர் இடம் பெற்றார்.

அந்த அணி சாதாரண அணி அல்ல. பி.கே. பானர்ஜி தலைவர். சுனி கோஸ்வாமி, பலராம், பீட்டர் தங்கராஜ் போன்றவர்கள் ஆடிய காலம். முதல் ஆட்டத்தில் பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றுத் திரும்பியது. அதன் பிறகு இந்தியக் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. அந்த வகையில் ரோமுக்குப் போனவர்களே அந்தப் பெருமையின் கடைசி வாரிசுகள்.

அணியின் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். இடது காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும், பந்தைக் கையோடு கட்டியதுபோல் தானே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்றும் விதி வைத்துப் போட்டிகள் நடத்தியவர். வலது கால்காரனுக்கு இடது கால் பழக வேண்டும், தனித்து ஆடுபவனுக்குப் பிறருக்குக் கொடுத்து ஆடும் பழக்கம் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியாவுக்குப் பெற்றுத் தந்த அவர், 1963-ல் புற்றுநோயால் காலமானார். அவரிடம் ஆடியவர்களில் பலர் பின்னர் பயிற்சியாளர்கள் ஆனார்கள். பானர்ஜி கல்கத்தாவில் பேர் பெற்றார். சைமன் சுந்தர்ராஜ் கேரளத்துக்கு வந்தார்.

பதினொரு பேரை ஒன்றாக்கும் வேலை

மாநில அணிக்குப் பயிற்சி கொடுப்பது சுலபமான காரியம் அல்ல. அந்தக் காலத்துக் கேரள ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை, அலுவலக அணிகளைச் சேர்ந்தவர்கள். ஃபாக்ட், களமசேரி பிரீமியர் டயர்ஸ், திருவனந்தபுரம் டைட்டானியம் என்று ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. ஆண்டு முழுவதும் ஒருவர் காலை ஒருவர் இடறி விட்டவர்களைச் சில வாரங்களில் ஒரே அணியாக்க வேண்டும். யாரை உட்கார வைத்தாலும் ஒரு கம்பெனிக்கு மனக்கசப்பு. யாரை ஆட விட்டாலும் ஒரு மாவட்டத்துக்குக் குறை.

போதாததற்கு, அந்த ஆண்டு போட்டி சொந்த ஊரில். தோற்றால் முகம் காட்ட முடியாது. ஜெயித்தால் ஆட்டக்காரனுக்கு மாலை. தோற்றால் பயிற்சியாளருக்கு ஏச்சு. உலகம் முழுவதும் இந்தத் தொழிலின் சம்பளப் பட்டியல் இதுதான்.

இன்னொரு விஷயமும் நினைத்துப் பார்க்கத்தக்கது. 1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு இன்றுவரை வென்றதில்லை. 1972-73 இறுதிப் போட்டியில் வங்காளத்திடமும், 2012 இறுதிப் போட்டியில் சர்வீசஸ் அணியிடமும் தோற்றுத் திரும்பியது. ஆனால் கேரளம் இதுவரை வாங்கிய ஏழு கோப்பைகளில் முதலாவது, ஒரு தமிழரின் பயிற்சியில் வந்தது. தமிழன் எங்கே போனாலும் அந்த இடத்தைச் செழிக்கச் செய்வான் என்று மேடையில் பேசுகிறவர்கள், இந்த உதாரணத்தை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

வழிவழியாக வந்த வித்தை

அந்த 1973 அணியிலேயே எதிர்காலப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். துணைத் தலைவராக இருந்த டி.ஏ. ஜாபர் பின்னாளில் கேரள அணிக்கே பயிற்சியாளர் ஆனார். கோல்கீப்பர்களில் ஒருவரான விக்டர் மஞ்ஞிலா, கோழிக்கோடு பல்கலைக்கழக அணியைப் பல ஆண்டுகள் பழக்கினார். பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்குவதில் பணமும் குறைவு, பத்திரிகையில் பெயரும் குறைவு. ஆனால் மாநில அணிக்கு ஆள் வருவது அங்கிருந்துதான்.

சாலக்குடியைச் சேர்ந்த டி.கே. சாத்துண்ணியின் வாழ்க்கை இன்னொரு பாடம். ராணுவத்தில் சேர்ந்து செகந்திராபாத் இ.எம்.இ. அணியில் ஆடினார். பிறகு கோவாவில் வாஸ்கோ, பம்பாயில் ஆர்க்கே மில்ஸ். பிழைப்பு எங்கே அழைத்ததோ அங்கே போன மனிதர். ஆட்டம் நின்ற பின் பயிற்சியாளராகவும் அதே அலைச்சல்தான். 1990-ல் திருச்சூரில் கேரள போலீஸ் அணி பெடரேஷன் கோப்பையை வென்றபோது பயிற்சியாளர் அவரே. சோடா விற்று வளர்ந்த ஐ.எம். விஜயன் அந்த அணியில் ஆடியவர். அதற்கு முன் எந்தக் கேரள அணியும் அந்தக் கோப்பையை வென்றதில்லை. 1997-98-ல் கல்கத்தா மோகன் பகான், பயிற்சியாளரை நடுவழியில் இழந்து தடுமாறியபோது சாத்துண்ணியை அழைத்தது. அந்த ஆண்டே தேசிய லீக் பட்டத்தை முதன்முறையாக அந்தக் கிளப்புக்கு வாங்கிக் கொடுத்தார். 2024 ஜூனில், 79-வது வயதில் காலமானார்.

ஜெர்மனியில் ஒரு இரண்டாம் தர ஆட்டக்காரர்

வெளிநாட்டிலும் கதை இதேதான். ஜெர்மனியில் ஜூர்கன் க்ளாப் என்று ஒருவர். மைன்ஸ் என்ற ஊர் அணியில் இரண்டாம் டிவிஷனிலேயே 11 ஆண்டுகள் ஆடினார். முதல் டிவிஷனில் ஆடும் பாக்கியம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2001 பிப்ரவரியில் அணி கீழே இறங்கும் ஆபத்தில் இருந்தபோது, நேற்று வரை கூட ஆடியவரையே பயிற்சியாளராக நியமித்தார்கள். அணி தப்பியது. 2004-ல் வரலாற்றிலேயே முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. பின்னர் அவரே டார்ட்மண்ட் அணிக்கு இரண்டு ஜெர்மன் பட்டங்களையும், 2019-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையையும் பெற்றுத் தந்தார்.

சிறந்த ஆட்டக்காரர்தான் சிறந்த ஆசிரியர் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது சான்று. பிறவித் திறமை உள்ளவனுக்குத் தான் எப்படி ஆடுகிறோம் என்று சொல்லத் தெரியாது. கஷ்டப்பட்டுக் கற்றவனுக்குத்தான் எந்தப் படியில் கால் வழுக்கும் என்று தெரியும்.

நம் பக்கத்து மைதானங்கள்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் பின்லே ஷீல்டு போட்டியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிய செய்தி அல்ல. வெள்ளைக்கார துரைமார் காலத்தில் தொடங்கிய போட்டி. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் எஸ்டேட்டின் பெயருக்காக மழையிலும் சேற்றிலும் ஓடுவார்கள். பாலக்காட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் செவன்ஸ் ஆட்டம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த ஆட்டம் பழக்கமானதே.

இந்த மைதானங்களில் முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர்கள் எத்தனையோ பேர். முப்பது வயதுக்கு மேல் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் மாலையில் லயத்து வாசலில் பந்தை உருட்டும் பத்து வயதுப் பையனுக்கு இடது காலைப் பழக்கச் சொல்லிக் கொடுக்க அவர்களை விட்டால் வேறு ஆள் யார்?

இப்போது அதற்கு முறையான வழியும் உண்டு. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பயிற்சியாளர்களுக்குப் படிப்படியாகச் சான்றிதழ் வகுப்புகள் நடத்துகிறது. முதல் படி "டி" லைசென்ஸ். அதற்கு மேல் "சி", "பி", "ஏ", கடைசியில் "புரோ" என்று ஏறிக்கொண்டே போகலாம். சான்றிதழ் கையில் இருந்தால் பள்ளிக்கூடமோ கிளப்போ பயிற்சியாளர் தேடும்போது போய்க் கேட்கலாம். வாய் வார்த்தையை நம்பி நிற்க வேண்டியதில்லை.

பெரிய சம்பளம் கிடைக்கும் என்று யாரும் ஆசை காட்ட முடியாது. சின்ன அணிகளின் பயிற்சியாளருக்கு இந்த சீசன் வேலை, அடுத்த சீசன் சந்தேகம். வெற்றி விழாப் படத்தில் அவர் ஓரத்தில் நிற்பார். சில படங்களில் அதுவும் இருக்காது.

இருந்தாலும் கணக்கு ஒன்று மிஞ்சுகிறது. 1973-ல் ஒரு கோப்பை வந்தது. அதைத் தூக்கியவர்கள் பின்னால் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அவர்கள் பழக்கிய பிள்ளைகள் மறுபடி கோப்பைக்கு ஓடினார்கள். 1992, 1993, 2001, 2004, 2018, 2022 என்று அந்த வரிசை நீண்டது. வரிசையின் முதல் கண்ணியில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. அடுத்த முறை கேரளத்து நண்பர்கள் டீக்கடையில் கால்பந்துப் பெருமை பேசும்போது, சைமன் சுந்தர்ராஜ் என்ற அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். கேப்டன் மணியை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.