பொத்தானை அமுக்கினால் பாட்டு வந்துவிடுமா?

மின்சார யந்திரங்களிலிருந்து பிறக்கும் பாட்டு என்றாலே சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "வீணைக்கு விரல் தேய வேண்டும், இதற்குப் பொத்தானை அமுக்கினால் போதுமே! இதில் வித்தை எங்கே இருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதி வாய்ந்தவர் டீலியா டெர்பிஷையர் என்ற ஆங்கில மாது.

1937-ம் வருஷம் காவென்ட்ரி நகரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதமும் சங்கீதமும் கற்றுத் தேறினார். டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவு அறையில் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பி.பி.சி.யில் சேர்ந்து, 1962-ல் லண்டனில் மைடா வேலில் இருந்த அதன் ஒலிப் பட்டறைக்குப் போனார்.

மறு வருஷம் 'டாக்டர் ஹூ' என்ற டெலிவிஷன் தொடருக்கு முகப்பு இசை தேவைப்பட்டது. ரான் கிரெய்னர் என்ற ஆஸ்திரேலியர் மெட்டை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அதில் ஸ்வரங்களோடு காற்றுக் குமிழி, மேகம் என்றெல்லாம் குறிப்புகள்! காற்றுக் குமிழியை எந்த வாத்தியத்தில் வாசிப்பது?

கம்ப்யூட்டர் இல்லை; ஸின்தஸைசரும் இல்லை. கருவிகளைச் சோதிப்பதற்கென்று வைத்திருந்த மின்னலைப் பெட்டிகளும் ஒலிப்பதிவு நாடாக்களுமே இருந்தன. டெர்பிஷையர் ஒரு தந்தியை மீட்டிப் பதிவு செய்தார். நாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டினால் அதே ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்கும். இப்படி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே உண்டாக்கினார். ஸ்வரத்தின் காலம் அங்குலக் கணக்காயிற்று. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை விநாடி என்றால் ஏழரை அங்குலம். பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டியதுதான்!

எல்லாம் ஒட்டியான பிறகு எங்கோ ஒரு ஸ்வரம் இடறியது. டெர்பிஷையரும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைபாதையில் பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டு ஒட்டாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் ஒட்டு மட்டும் வரிசை தவறி நின்றது. அகப்பட்டது திருட்டு ஸ்வரம்!

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், "இதை நான்தானா எழுதினேன்?" என்று வியந்தாராம். "பெரும்பகுதி நீங்கள்தான்" என்றாராம் டெர்பிஷையர்.

இன்று இந்த வெட்டு வேலையைக் கம்ப்யூட்டர் நொடியில் முடித்துவிடுகிறது. தயார்த் தாளத்தை எடுத்து ஒட்டிப் பாட்டு என்று விற்பவர்களும் இல்லாமல் இல்லை. அதனால் என்ன? அபஸ்வரமாகத் தேய்ப்பவர்களுக்காக வயலினை யாரும் குறை சொல்வதில்லையே! எந்த ஒலி வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்பதற்கு அன்று போலவே இன்றும் நல்ல காது வேண்டியிருக்கிறது.

1988-ல் தி டைம்லார்ட்ஸ் என்ற கோஷ்டி இந்த மெட்டைச் சேர்த்துச் செய்த நடனப் பாட்டு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. டெர்பிஷையருக்கோ பெயர்கூடக் கிட்டவில்லை. வருமானத்தில் பங்கு கொடுக்கக் கிரெய்னர் விரும்பியும் பி.பி.சி.யின் விதி இடம் தரவில்லை. பட்டறையின் பெயர்தான் போடப்பட்டது. 2001-ல் அவர் காலமானார். தொடரின் 50-ம் ஆண்டுச் சிறப்புப் படத்தில், 2013-ல், கிரெய்னர் பெயரோடு அவர் பெயரும் முதன்முறையாகத் திரையில் வந்தது.