திரைக்குள்ளிருந்து ஒரு பாட்டி

அடுப்பில் பால் பொங்குகிறது. குழந்தையோ கதை சொல்லு என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. 'சீமையிலிருந்து ஒரு பாட்டி வந்து கதை சொன்னால் தேவலை' என்று நினைத்தால், உங்களுக்கே சிரிப்பு வரும். ஆனால் அது நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது!

இங்கிலாந்தில் நியூகாஸில் சர்வகலாசாலைப் பேராசிரியர் சுகதா மித்ரா, 2009-ம் ஆண்டில் 'கார்டியன்' பத்திரிகை வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுத்தார். வீட்டில் இன்டர்நெட்டும் காமிராவும் உள்ள பாட்டிமார்கள், வாரம் ஒரு மணி நேரம் இந்தியக் குழந்தைகளுக்குத் தானமாகத் தருவார்களா? இரண்டே வாரத்தில் இருநூறு பேர் முன்வந்தார்கள். ஹைதராபாத்தில் சுவர் நிறையத் தெரிந்த வெள்ளைக்காரப் பாட்டி கதை படிக்க, எதிரே நம் குழந்தைகள்! 'பாட்டி மேகம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. (அந்தப் பாட்டிகளில் சிலர் ஆண்கள் என்பது வேறு விஷயம்!)

ஏன் பாட்டி? கலிக்குப்பம் என்ற கிராமத்துத் தமிழ்க் குழந்தைகளிடம், உயிர்நூல் விஞ்ஞானப் பாடத்தை ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் மித்ரா. ஆசிரியர் கிடையாது. பூஜ்யத்திலிருந்து நூற்றுக்கு முப்பது மதிப்பெண் வரை தாமாகவே ஏறினார்கள். பிறகு விஞ்ஞானம் அறியாத ஓர் உள்ளூர்ப் பெண், பின்னால் நின்று, "அடேயப்பா, அது எப்படி?" என்கிற தோரணையில் வியந்துகொண்டே இருந்தாள். மதிப்பெண் ஐம்பதாயிற்று! பேரனிடம் நீங்கள் செய்வதும் இதைத்தானே?

யந்திரத்தை மட்டும் நட்டுவிட்டுப் போனால் போதாது. சுவரில் பதித்த மித்ராவின் கம்ப்யூட்டர்கள் சில, அல்மோரா பக்கம் பின்னால் செயலற்றுக் கிடந்ததை ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார்.

பாட்டி மேகத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கதை அங்கிருந்து இங்கே வருகிறது. இங்கிருந்து என்ன போகிறது? இந்த விஷயத்தில் 'ஐஎர்ன்' என்ற பள்ளிக்கூட வலையை எனக்குப் பிடிக்கிறது. 1988-ல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கியது அது. அவர்களுடைய கரடி பொம்மைத் திட்டத்தில், ஒரு நாட்டு வகுப்பு மறு நாட்டு வகுப்புக்குத் தபாலில் பொம்மையை அனுப்பும். போன இடத்துப் பிள்ளைகள், அந்தப் பொம்மையே எழுதுவதுபோல் தினசரி டயரி எழுதி ஈமெயிலில் அனுப்புவார்கள்.

அப்படியொரு கரடி கோவில்பட்டிக்கு வந்தால் என்ன எழுதும்? 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயைத் தின்று விரலில் பாகு ஒட்டியதை எழுதும். தீப்பெட்டி ஆபீஸைப் பற்றி எழுதும். கோடையில் வாய் பிளந்து கிடக்கும் கரிசல் நிலம், ஒரு மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் வேடிக்கையை எழுதும். எட்டயபுரத்துக்கும், கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவலுக்கும் பஸ் ஏறும். அவர் தேடிச் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றை நம் குழந்தை திரையில் சொன்னால், கேட்கிறவர்களுக்கு அலுக்காது.

ஆங்கிலம் வருமா என்று கவலைப்படாதீர்கள். வெண்டைக்காயை காமிராவுக்கு முன்னால் காட்ட இலக்கணம் எதற்கு? நேரம்தான் இடைஞ்சல். பள்ளி தொடங்கும் காலை வேளையில் இங்கிலாந்து குறட்டை விட்டுக் கொண்டிருக்கும். ஜப்பான் சௌகரியம்: நமக்குக் காலை பத்து என்றால் அங்கே பகல் ஒன்றரை. அடுத்த முறை குழந்தையின் பள்ளிக்குப் போகும்போது, கம்ப்யூட்டர் அறை எந்தெந்த நேரம் காலியாக இருக்கிறது என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டு வாருங்களேன்.