பந்திக்கு முந்தும் மீனும் பட்டினி கிடக்கும் மீனும்

ஒரே நாளில், ஒரே பண்ணையில், ஒரே அளவில் வாங்கி விட்ட மீன்குஞ்சுகள்தான். ஆறு மாதம் கழித்து வலை போட்டால் ஒன்று முக்கால் கிலோ நிற்கும், இன்னொன்று கால் கிலோகூடத் தேறாது. பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைப் பாத்திருப்பீங்க. ‘குஞ்சு சரியில்லை’ என்போம். அல்லது ‘தீனி பத்தல’ என்று இன்னொரு மூட்டை தவிடு வாங்கிப் போடுவோம். பல நேரங்களில் காரணம் இரண்டுமே இல்லை. தீனி விழுகிற இடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் காரணம்.

நம் ஆவடி, பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் இது பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிரம்பும். சித்திரையில் தரை தெரிய ஆரம்பிக்கும். மீன் வளரக் கிடைப்பது ஆறு, ஏழு மாதம். அதற்குள் எடை வராத மீனை ‘பொடி’ என்று ஒதுக்கி, பாதி விலைக்குக் கேட்பார்கள். மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது. அதைச் சில மீன்கள் மட்டும் தின்றால் கணக்கு எப்படி நேராகும்?

ஓடையில் இடம் பிடிக்கும் போட்டி

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது, கீழே வாய்க்காலைக் கவனித்துப் பாருங்கள். சின்ன மீன்கள் கல்லுக்குப் பின்னால், தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும். நிற்கிற இடத்தில் ஓட்டம் மெதுவாக இருக்கும். பக்கத்திலேயே வேகமான ஓட்டம் பூச்சி, புழுவைக் கொண்டுவரும். அதிகம் நீந்தாமல் அதிகம் தின்னலாம். அந்த மாதிரி இடங்கள் ஓடையில் சிலதான்.

நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனும் இப்படித்தான் வாழ்கிறது. அதற்கான குஞ்சு பொரிப்பகம் அவலாஞ்சியில் 1907-இல் தொடங்கியது. அமெரிக்காவில் கர்ட் ஃபாஷ் என்ற ஆய்வாளர் செயற்கை ஓடையில் இளம் ட்ரவுட், சால்மன் மீன்களை விட்டுப் பார்த்தார். 1984-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பலம் மிக்க மீன் வரவு அதிகம், செலவு குறைவு என்ற இடத்தைப் பிடிக்கிறது. அடுத்தது அடுத்த நல்ல இடத்தைப் பிடிக்கிறது. கடைசியில் நிற்பதற்குக் கிடைப்பது மிச்சம்தான்.

ஜப்பானில் அயு என்று ஒரு ஆற்று மீன். கல்லில் படரும் பாசியை மேய்ந்து வாழும். தன் கல்லுக்குப் பக்கத்தில் வேறு அயு வந்தால் முட்டித் துரத்தும். அங்கே மீனவர்கள் உயிருள்ள அயுவைக் கயிற்றில் கட்டி உள்ளே அனுப்புவார்கள். முட்ட வரும் மீன் தூண்டிலில் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஆற்றில் அயு மிகவும் பெருகிவிட்டால் இந்தச் சண்டையை விட்டுவிட்டுக் கூட்டமாக மேயத் தொடங்கும். துரத்துவதற்கு ஆகும் செலவு, பாசியில் கிடைக்கும் வரவைவிடக் கூடிவிடுகிறது.

காவல் காக்க முடிகிற தீனிக்குத்தான் ராஜா உருவாகிறான். பரவிக் கிடக்கும் தீனியை யாரும் காவல் காக்க முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நம் குட்டையில் யார் ராஜா?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் எல்லை பிடித்துச் சண்டை போடும் மீன்கள் அல்ல. இங்கே நடப்பது முண்டியடிப்பு. பெரியது முதலில் வாய் வைக்கும், அதனால் இன்னும் பெரிசாகும். ஒரே மூலையில் தீனி கொட்டினால் வித்தியாசம் வாரா வாரம் கூடும்.

ஜிலேபி மீன் கதையே வேறு. 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த மீன் இன்று நம் ஏரிகளில் எல்லாம் இருக்கிறது. ஆண் ஜிலேபி தரையில் குழி பறித்து, உடம்பு கறுத்து, அந்த இடத்தைக் காவல் காக்கும். தோற்ற மீன் வெளுத்து ஒதுங்கி நிற்கும். தொடர்ந்து மிரட்டப்படும் மீன் எதிரே தீனி இருந்தாலும் சரியாகத் தின்னாது. தின்றதும் உடம்பில் ஒட்டாது. அதனால்தான் அதே இடத்தில் கூடுதலாகத் தீனி கொட்டிப் பயனில்லை. மிச்சம் தரையில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

விரால் இன்னும் ஒரு படி மேலே. அளவு வித்தியாசம் வந்தால் பெரிய குஞ்சு சின்னதையே விழுங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், குஞ்சு விடும்போதே அளவு பிரித்து விடுங்கள். விரல் நீளக் குஞ்சுகளோடு அதில் பாதி அளவுள்ளதைக் கலக்க வேண்டாம்.

இரண்டாவது, தட்டுத் தட்டாகப் பிரியுங்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். 100 குஞ்சுக்கு கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்பது பழகிய கணக்கு. மூன்றுக்கும் பந்தி தனித்தனி என்பதால் போட்டி குறைகிறது.

மூன்றாவது, பந்தியைப் பரப்புங்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு ஊறவைத்து, துளையிட்ட சாக்குப் பைகளில் போட்டு மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆந்திர மீன் விவசாயிகளிடம் வெகுநாளாக உள்ள முறை இது. ஒரே பை போதாது; குட்டையின் நாலு பக்கமும் கட்டுங்கள். ஒரு நாளைக்கான தீனியை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

நாலாவது, சாணம் கரைத்துவிட்டு நுண்ணுயிர்களை வளர்த்தெடுங்கள். தண்ணீர் முழுக்க மிதக்கும் இந்தத் தீனியை எந்த மீனாலும் வளைத்துப் பிடிக்க முடியாது. தண்ணீர் கரும்பச்சையானாலோ, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்தாலோ சாணத்தை நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாவது, மழைநீர் உள்ளே வரும் வழியில் கொசுவலை கட்டுங்கள். ஜிலேபி பாதி அங்கேயே தடைபடும். அதையும் மீறி வந்தால், கெண்டைகள் ஒரு சாண் வளர்ந்த பிறகு விரல் நீள விரால் குஞ்சுகள் கொஞ்சம் விடுங்கள். ஜிலேபிக் குஞ்சுகளை அவை பார்த்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு, ஒவ்வொரு இனத்திலும் இருபது மீனைத் தனித்தனியாக எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெரிசுக்கும் சின்னதுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக்கொண்டே போனால் தீனி மூட்டையைக் கூட்டாதீர்கள், பை கட்டும் இடத்தைக் கூட்டுங்கள். இந்த ஐப்பசியில் குட்டை நிரம்பும்போதே நாலு மூங்கில் கழிகளை நட்டு வைத்துவிட்டால் வேலை சுலபம்.