சுமைகூலி முக்கால் பணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டீல் ரோலிங் மில் ஒன்றின் ஃபர்னஸ் பக்கம் போனால், முதலில் காதை அடைப்பது புளோயர். எரிகிற எண்ணெய்க்குக் காற்று ஊதுவது அதன் வேலை. சூடு போதும் என்றால் ஆபரேட்டர் டேம்பர் கைப்பிடியை இழுத்துப் பாதி மூடுவார். மோட்டார் அதே வேகத்தில்தான் சுற்றும். மூடிய தகட்டில் முட்டுகிற காற்றுக்கும் கரண்ட் பில் உண்டு. டேம்பரைத் திறந்துவிட்டு, வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் கதை வேறு: வேகம் 80 சதவீதம், காற்றும் 80 சதவீதம், மின்சாரம் ஏறக்குறைய பாதி.

மில் இந்த விரயத்தைத் தாங்கும். ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலம் தாங்காது. தனக்கு ஊதும் புளோயருக்கும் அதுவே மின்சாரம் தரவேண்டும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 8 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காற்றாக எடுத்தால் 34 கிலோ. கலத்துக்குள் இருக்கும் சவ்வின் மூலைமுடுக்கெல்லாம் ஆக்சிஜன் எட்ட, வழக்கமாக அதைப்போல் இரண்டு மடங்கு ஊதுகிறார்கள். அதற்கு மேல் போனால் சவ்வு காய்ந்துவிடும்.

தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.சி.ஐ.யின் எரிபொருள் மின்கல மையம் இருக்கிறது. பேரிடர் நேரத்துக் காப்பு மின்சாரத்துக்காக, அங்கே உருவான 10 கிலோவாட் வரையிலான கலங்களைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாடு பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒப்பந்தம் செய்தது. அந்த அளவுக் கலத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 550 லிட்டர் காற்று தேவை. கலத்தின் நுண்ணிய கால்வாய்களைக் கடக்க 50 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 45 வாட் போதும். புளோயரும் மோட்டாரும் சேர்ந்து 20 சதவீதத் திறனில் ஓடினால் 225 வாட் போய்விடும். 50 சதவீதத்தில் 90. கொஞ்சம் காற்று, நிறைய அழுத்தம்: சாதாரண ஃபேன்கள் சொதப்புகிற இடம் இதுதான். அகலமான இறக்கையால் பயனில்லை. சின்ன இம்பெல்லர், அசுர வேகம் வேண்டும். பேரிங் எண்ணெய் துளி கசிந்தாலும் கலத்துக்கு ஆகாது.

வாகனம் என்றால் செலவு இன்னும் ஏறும். 100 கிலோவாட் கலத்துக்குக் காற்றை இரண்டரை மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரே சுமார் 14 கிலோவாட் கேட்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்கு இல்லைதான். ஆனால் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2014இல் வந்த டொயோட்டா மிராய், ஆறு மடல் ரூட்ஸ் வகைக் கம்ப்ரசரோடு ஓடியது. அசோக் லேலண்டின் ஹைட்ரஜன் பஸ்கள் ஓடுகிற லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே ஆக்சிஜனுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு காற்றை இழுக்கவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் கலத்தை வைத்தால் காற்றின் அடர்த்திக்குக் குறைவில்லை, சங்கடம் வேறு. பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று, மில்களிலிருந்து இரும்புத்தூள், எண்ணெய்ப் புகையில் கந்தக டை ஆக்சைடு. கந்தகம் வினையூக்கியான பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டால் கலத்தின் தெம்பு இறங்கும். ஆகவே வடிகட்டி இல்லாமல் முடியாது. தூசி சேரச்சேர அதுவே இன்னொரு டேம்பராகிவிடும்; 50 சென்டிமீட்டர் 60 ஆகும், 70 ஆகும். விவரம் தெரிந்த வடிவமைப்பாளர் புளோயரைத் தேர்ந்தெடுக்கும்போது புது வடிகட்டியை வைத்துக் கணக்குப் போடமாட்டார். மாற்றவேண்டிய நாள் தாண்டியும் கழற்றாமல் கிடக்கிற அழுக்கு வடிகட்டியை வைத்துத்தான் போடுவார்.

(தொடரும்)