ஜெர்மனியை வரைந்த ஜப்பான்காரர்களும் எங்கள் ஏலமலையும்

டுசல்டார்ஃப் நகரம், 1986. தலையில் குண்டு பாய்ந்த ஒரு சிறுவனை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு எல்லாம் தயாராகும் நேரத்தில் நகர மேயரும் நினைவிழந்து வந்து சேர்கிறார். சிறுவனை விட்டுவிட்டு மேயரைக் கவனி என்று மேலிடத்து உத்தரவு. ஜப்பானிலிருந்து வந்து அங்கே மூளை அறுவை நிபுணராக இருக்கும் கென்ஸோ டென்மா உத்தரவை மீறிச் சிறுவனைக் காப்பாற்றுகிறார். மேயர் இறந்துபோகிறார். 1995-ல் டென்மாவின் கண்ணெதிரே ஓர் இளைஞன் இன்னொருவனைச் சுட்டுக் கொல்கிறான். சுட்டவன், அன்று அவர் பிழைக்கவைத்த அதே சிறுவன்.

'மான்ஸ்டர்' என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) இப்படித் தொடங்குகிறது. நவோகி உரசாவா 1994 முதல் 2001 வரை வரைந்த மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 74 பகுதிகளாக எடுத்தது. இயக்கியவர் மசாயுகி கோஜிமா. 2004 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி 2005 செப்டம்பர் வரை ஓடியது.

நான் போடிநாயக்கனூரில் ஓவிய ஆசிரியை. என் மாணவர்களுக்கு அனிமே புதிதல்ல. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் வாள் வீசும் பையன்களைத்தான் வரைகிறார்கள். பெற்றோர்களோ இன்னும் அதைக் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் என்றே நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட, அந்நிய நாட்டில் நடக்கிற, ஒவ்வொரு தெருவையும் விசாரித்து வரைந்த த்ரில்லர்கள் அதே அனிமேயில் இருக்கின்றன. ஏலமலை அடிவாரத்தில் வாழும் நாம் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒரு கதையின் ஊரை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். மாற்றிய பிறகும் கதை அப்படியே நடந்தால், அந்த ஊர் வெறும் திரைச்சீலை. 'மான்ஸ்டர்' கதையை ஜெர்மனியிலிருந்து பெயர்த்தெடுக்க முடியாது. அந்தச் சிறுவனின் குடும்பம் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி மேற்கே வந்த குடும்பம். அவன் வளர்ந்தது கிழக்கு பெர்லினில் உள்ள ஓர் அரசுக் காப்பகத்தில். பிள்ளைகளின் மனதைச் சிதைத்து வேறு ஆளாக்கப் பார்க்கும் இடமாக அதைக் காட்டுகிறார்கள். காப்பகம் கற்பனை. ஆனால் டோர்காவ் என்ற ஊரில் கிழக்கு ஜெர்மனி அரசு 1964 முதல் 1989 வரை நடத்திய மூடிய சீர்திருத்த இல்லம் கற்பனை இல்லை. அடங்காத பிள்ளைகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அங்கே சிறைபோலப் பூட்டிவைத்தார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு இப்படிப்பட்ட இடங்களின் ஆவணங்களும் ஆட்களும் என்ன ஆனார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் கதையின் பயம் முளைக்கிறது. சுவர் இல்லாத நாட்டில் இந்தக் கொலைகாரன் பிறந்திருக்கவே முடியாது.

டென்மாவின் மனமாற்றத்துக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். சிறுவன் வருவதற்குச் சில நாள் முன்பு துருக்கியிலிருந்து வந்த ஒரு கட்டடத் தொழிலாளி அடிபட்டு முதலில் வந்திருந்தார். அவரை விட்டுவிட்டுப் பின்னால் வந்த பிரபலப் பாடகருக்குச் சிகிச்சை செய்யச் சொன்னார்கள், டென்மாவும் செய்தார். தொழிலாளி செத்துப்போனார். அவர் மனைவி குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்து மருத்துவரின் சட்டையைப் பிடித்து அழும் காட்சியை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. 1960-களில் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலைக்கும் கட்டட வேலைக்கும் ஆள் அழைத்த நாடு அது. அந்த வரலாற்றை யாரும் வாய்விட்டு விளக்குவதில்லை. ஒரு பிணத்தின் வழியாகவே சொல்லிவிடுகிறார்கள்.

பிறகு பிராங்க்ஃபர்ட்டில் துருக்கியர் வசிக்கும் பகுதிக்குத் தீ வைக்க நவ நாஜிகள் திட்டமிடும் பகுதிகள் வருகின்றன. 1992 நவம்பரில் மோல்ன் என்ற ஊரிலும் 1993 மே மாதம் சோலிங்கன் என்ற ஊரிலும் துருக்கியக் குடும்பங்களின் வீடுகளுக்கு உண்மையிலேயே தீ வைத்தார்கள். சோலிங்கனில் ஐந்து பேர் இறந்தார்கள், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். உரசாவா தன் கதையைத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம். எங்கோ இருக்கும் ஜப்பானில் உட்கார்ந்து அந்தச் செய்தியை ஒரு மனிதர் எவ்வளவு உன்னிப்பாகப் படித்திருக்க வேண்டும்!

பிழைக்கப் போன இடத்தில் தாக்கப்படுவதை நான் விலகி நின்று பார்க்க முடியாது. என் அம்மா பல வருஷம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்தவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து, பொழுது சாயக் கீழே வருவார். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது, கேரளத்து இடுக்கித் தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழர்கள் பலர் தாக்குதலுக்குப் பயந்து மலைப்பாதை வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தார்கள். "சட்டி பானை ஒண்ணையும் எடுக்கலத்தா, பிள்ளைகள மட்டும் தூக்கிட்டு வந்துட்டோம்" என்று எங்கள் தெருவுக்கு வந்த ஓர் அத்தை சொன்னார். அவரை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் ஒளித்துவைத்து விடிந்ததும் வழி காட்டிவிட்டது ஒரு மலையாளக் குடும்பம். பயம் எப்படி வரும், உதவி எந்தக் கதவிலிருந்து வரும் என்று யாராலும் ஊகிக்க முடியாத இரவுகள் அவை. இதை வைத்து ஒரு நல்ல த்ரில்லர் நம்மிடம் வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஓர் ஊரை இப்படி விசாரித்து வரையும் உழைப்பு ஜப்பான்காரர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1974-ல் வந்த 'ஹெய்டி' என்ற குழந்தைகள் தொடரிலிருந்து தொடங்கலாம். அதற்காக இசாவோ தகஹதா, ஹயாவோ மியசாகி, யோய்ச்சி கோதாபே மூவரும் 1973-ல் சுவிட்சர்லாந்துக்கே போனார்கள். மலைக்குடிசை, ஆட்டுத் தொழுவம், புல்லின் உயரம் எல்லாவற்றையும் நேரில் பார்த்து வந்து வரைந்தார்கள். தொலைக்காட்சித் தொடருக்காக இப்படி வெளிநாடு போய்ப் பார்ப்பது அப்போது அரிது. அதன்பிறகு வரைவதற்கு முன் போய்ப் பார் என்பது நல்ல ஸ்டுடியோக்களின் பழக்கமாயிற்று. மமோரு ஓஷீ 1995-ல் 'கோஸ்ட் இன் தி ஷெல்' எடுத்தபோது எதிர்கால நகரத்துக்கு ஹாங்காங்கை மாதிரியாக எடுத்துக்கொண்டார். நெருக்கமான பெயர்ப்பலகைகள், அழுக்குத் தண்ணீர், கட்டடங்களின் தலையை உரசிப் போகும் விமானம் என்று ஒரு துப்பறியும் கதைக்குள் அந்த நகரத்தின் மூச்சு கேட்கிறது.

உரசாவாவுக்கு இன்னொரு பயிற்சியும் இருந்தது. 'மான்ஸ்டர்' வருவதற்கு முன்பே, 1988 முதல் 'மாஸ்டர் கீட்டன்' என்ற தொடரை வரைந்தார். லண்டன் காப்பீட்டாளர்களுக்காகப் புலனாய்வு செய்யும் ஒரு தொல்லியல் அறிஞர் ஐரோப்பா முழுக்க அலையும் கதை. அதுவும் பின்னால் கோஜிமாவின் இயக்கத்திலேயே அனிமே ஆனது. ஒரு கண்டத்தைப் பல வருஷம் வரைந்து பழகிய கைதான் 'மான்ஸ்டர்' வரைந்தது. நாயகனை ஜப்பானியராக வைத்ததிலும் யோசனை இருக்கிறது. மெய்ஜி காலத்தில் ஜப்பான் நவீன மருத்துவத்தை ஜெர்மனியிடம்தான் கற்றது. ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளிக் குறிப்புகளை ஜெர்மன் மொழியில் எழுதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. டுசல்டார்ஃப் நகரத்திலோ ஜப்பானியர்கள் ஏராளமாக வசிக்கிறார்கள். ஆக, டென்மா அங்கே இருப்பது தற்செயல் இல்லை. வெளியாளாக இருப்பதால் அவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நாமும் கூடவே தெரிந்துகொள்கிறோம்.

நம் நாட்டையும் இப்படி ஒரு ஜப்பானியர் வரைந்திருக்கிறார், அது த்ரில்லர் இல்லை என்றாலும். யூகோ சாகோ 1983-ல் தொல்லியல் அறிஞர் பி.பி. லாலின் அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். வந்த இடத்தில் ராமாயணத்தில் மனம் போயிற்று. ஜப்பானிய மொழியில் கிடைத்த பல ராமாயணங்களைப் படித்தார். அதை அனிமேயாக எடுக்க முனைந்தபோது, அந்நியர்கள் நம் இதிகாசத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று எதிர்ப்பு வந்தது. அவர் விடவில்லை. நம்முடைய ராம் மோகனையும் ஜப்பானின் கொய்ச்சி சசாகியையும் இயக்கத்தில் சேர்த்துக்கொண்டு, வன்ராஜ் பாட்டியாவின் இசையோடு படத்தை முடித்தார். 1993-ல் டெல்லி திரைப்பட விழாவில் காட்டினார்கள். 2025 ஜனவரியில் அது தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. வேட்டி எப்படி விழும், பெரியவர் முன்னால் எப்படி நிற்பது, தரையில் எப்படிச் சம்மணமிடுவது என்பதெல்லாம் வேறு நாட்டுக் கைக்குத் தானாக வராது. பார்த்து, கேட்டு, திருத்தித்தான் வர வேண்டும். இரு நாட்டு ஓவியர்களும் சேர்ந்து செய்ததன் பலன் திரையில் தெரிகிறது.

எங்கள் மலைக்கு வருகிறேன். குரங்கணிப் பக்கம் கேமரா வராத வருஷம் குறைவு. 2010-ல் 'மைனா' படம் வந்தபின் அந்தப் பச்சையைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆனால் பச்சையைக் காட்டுவது வேறு, மலையைக் காட்டுவது வேறு. ஏலக்காய் எங்கே காய்க்கிறது என்று தெரியாதவர்கள், ஆள் உயரச் செடியின் உச்சியில் தேயிலைபோலப் பறிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஏலம் தூரில் காய்க்கும். செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில், மண்ணுக்குப் பக்கத்தில். அதனால் காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் உட்கார்ந்தும்தான் நகர்வார்கள். அட்டை கடிக்கும், மழை பெய்யும், இடுப்பில் கட்டிய பை நிறைய நிறையக் கனக்கும். என் அம்மாவின் முதுகு இன்றும் அந்தச் செடியின் வடிவத்தைச் சொல்லும்.

மலையைச் சரியாகக் காட்டிய படம் ஒன்று உண்டு. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018 ஆகஸ்டில் வந்தது. விஜய் சேதுபதி தயாரித்தார். ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். பெரும்பாலும் இந்த மண்ணின் மனிதர்களையே நடிக்கவைத்தார்கள். மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறக்கும் ரங்கசாமி என்ற கூலித்தொழிலாளி ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறார். சுமந்துவந்த மூட்டை ஒரு கணத்தில் பள்ளத்தில் உருண்டுபோகிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் தியேட்டரே மூச்சைப் பிடித்தது. அந்த மூட்டை எத்தனை மாச உழைப்பு என்பதை அதுவரை படம் நமக்குக் கற்றுக்கொடுத்திருந்ததால் வந்த பதைப்பு அது. ஊரை மாற்றினால் அந்தப் படமும் செத்துவிடும்.

அனிமேக்கு வேண்டிய பழைய கதைகளும் இங்கே கிடக்கின்றன. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப் கார் மூலம் குரங்கணிப் பக்கம் கொட்டக்குடி அடிவாரத்துக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வரும். 1924-ன் பெருவெள்ளம் அந்த ரயிலை அடியோடு அழித்துவிட்டது. நாலு வருஷத்தில், 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அந்த வெள்ள இரவில் மேகத்துக்குள் கம்பியில் தொங்கும் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துபாருங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் இப்போது சித்திரக்கதை வரைகிறான். கொலைக் கதை. தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், ராத்திரி இரண்டு மணிக்கு, யாரும் இல்லாத நேரத்தில் கொலை. "ஸ்டோர்ல வேலை பாத்தவக யாரையாச்சும் கேட்டியா?" என்றேன். தன் தாத்தாவைக் கேட்டுவிட்டு மறுநாள் வாடிய முகத்தோடு வந்தான்.

"டீச்சர், ராத்திரி பூரா ஆள் முழிச்சிருப்பாகளாம். அடுப்புக்கு விறகு தள்ளணும். சூடு கூடுனா காய் வெடிச்சிரும், கொறஞ்சா நிறம் போயிரும்ங்கிறாரு."

உண்மைதான். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டை விடாமல் காக்க வேண்டும். அவன் திட்டம் உடைந்தது, கதை பிழைத்தது. அடுப்புக்காரர் இப்போது சாட்சி ஆகிவிட்டார். தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் சாட்சி ஜார்க்கண்ட்காரர். அவருக்குத் தமிழும் வராது, மலையாளமும் வராது. பார்த்ததைச் சொல்ல முடியாமல், தன்மேலேயே பழி விழுமோ என்று பயந்து நிற்கிறார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடத்துக்கு அவனே வந்து சேர்ந்தான்.

மிச்சம் இருக்கும் சிக்கல், பிணம் கிடக்கும் இடம் கேரளமா தமிழ்நாடா என்பது. எந்தப் போலீஸ் வரும், எந்த மொழியில் விசாரிக்கும், பிரேதப் பரிசோதனைக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஜீப்பில் போடிமெட்டுக்குப் போய், எல்லை எந்தச் சரிவில் ஓடுகிறது என்று பார்த்து, வரைந்துகொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.